அம்மாவோடு ஒரே நாளில் பினாங்கு: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

லயத்துக்கிளி (பீடோங்)

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கெடா மாநிலத்துப் பீடோங்கில் இருக்கிறோம். தோட்டத்து லயத்தைக் காலி செய்து டவுனை ஒட்டிய தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்து பல வருடம் ஆகிறது. அம்மாவுக்கு இப்போது 74 வயது. முப்பத்தெட்டு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்.

பினாங்கு இங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அம்மாவும் பல முறை போயிருக்கிறார், எல்லாமே தைப்பூசத்துக்கு. இரவில் தோட்டத்து லாரியில் ஏறினால் தண்ணிமலை முருகன் கோயிலில் இறக்கிவிடுவார்கள். காவடி பார்த்து, சாமி கும்பிட்டு, அதே லாரியில் திரும்பி, மறுநாள் விடியும் முன்னே பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் வரிசைக்கு) நிற்க வேண்டும். அந்த ஊரில் கோயிலைத் தவிர அவர் எதையும் பகல் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. இது எனக்கே போன மாதம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து மனம் கேட்கவில்லை.

வருகிற பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை போகலாம் என்று இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு அந்த ஒரு நாள்தான் லீவு. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. பிள்ளைகள் கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில் கேட்கிறார்கள். எனக்குப் பழைய தெருக்களைப் பார்க்க ஆசை. அம்மாவிடம் கேட்டேன். "எங்கப்பா கப்பல்ல வந்து எறங்குன எடம் அங்கதான இருக்கு, அதக் காட்டு" என்றார். தாத்தா 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர். அதற்கு மேல் எங்களிடம் ஒரு தாள் கூட இல்லை.

அம்மாவுக்கு முட்டி வலி உண்டு. சமதரையில் மெதுவாக நடப்பார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கம்பத்துக்காரன் (குரூண்)

அக்கா, காடியில் (காரில்) போங்கள், அதுதான் சுலபம். காலையில் பாலம் ஏறினால் நேரே ஆயர் ஈத்தாம். கொடிமலை, கெக் லோக் சி கோயில், மதியம் கொம்தார் கோபுர உச்சி, சாயங்காலம் பத்து பெரிங்கி கடற்கரை, வருகிற வழியில் கர்னி சாப்பாடு. நாங்கள் போன வருடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்தோம். பாலத்தில் டோல் தீவுக்குப் போகும்போது மட்டும்தான், திரும்பும்போது கிடையாது.

பழைய துறைமுகத்தான் (பட்டர்வொர்த்)

தம்பி குரூண், கோபித்துக்கொள்ளாதீர்கள். அது 74 வயது அம்மாவுக்கான பயணம் இல்லை. ஐந்து இடத்தில் காடி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

தங்கச்சி, நான் பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் அம்மா கேட்டதைப் படித்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்றே இருந்தேன். பாலத்தில் போகாதீர்கள். ஃபெரியில் போங்கள். உங்கள் தாத்தா எந்தப் படியில் கால் வைத்தார் என்று இன்று யாராலும் கை காட்ட முடியாது. ஆனால் அவர் வந்த கப்பல் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருக்கிற இந்த நீர்வழிக்குள்தான் வந்து நின்றிருக்கும். இந்த நீர்வழிதான் பினாங்குத் துறைமுகம். இரண்டு பக்கமும் நிலம் காற்றைத் தடுப்பதால் கப்பலுக்கு இது நல்ல ஒதுக்கிடம். ஃபெரி அந்தத் தண்ணீரைத்தான் குறுக்கே கடக்கிறது. அம்மா பார்க்கக் கேட்கிற இடம் அதுதான்.

இந்த ஃபெரிச் சேவை 1894இலிருந்து நடக்கிறது. காடி ஏற்றுகிற அந்தப் பழைய இரண்டு தட்டுக் கப்பல்களை 2020 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அன்று வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது. 2023 ஆகஸ்டில் நான்கு புதுப் படகுகள் வந்தன. குளிர்சாதனம் உண்டு, மோட்டார் சைக்கிளும் ஆட்களும் மட்டும்தான் ஏறலாம். பதினைந்து நிமிடம் கூட ஆகாது, அதனால் ஏறியதும் உட்கார இடம் தேடாமல் அம்மாவைக் கடல் தெரிகிற இடத்துக்குக் கூட்டிப் போங்கள்.

நடுக்கடலுக்கு வந்ததும் எதிரே பாருங்கள். பின்னால் கொடிமலை, அதற்கு முன்னால் கொம்தார் கோபுரம். வலது பக்கம் ஸ்வெட்டன்ஹாம் துறை. 1904இல் திறந்தது. அது வருவதற்கு முன்பு பெரிய கப்பல்கள் நடுவிலேயே நங்கூரம் போடும், ஆட்கள் சிறு படகில் கரைக்கு வருவார்கள். இப்போது அங்கே உல்லாசக் கப்பல்கள் நிற்கும். சரக்கு எல்லாம் எங்கள் கரைக்கு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் பட்டர்வொர்த் பக்கம் கொள்கலன் தூக்குகிற பாரந்தூக்கிகள் வரிசையாகத் தெரியும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். இங்கே ஒரு துறைமுகம் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இறங்கியதும் இன்னொன்று. ஃபெரி முனையத்துக்குப் பக்கத்திலேயே மணிக்கூண்டோடு ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் இருக்கும். இப்போது சுங்கத் துறை அலுவலகம். 1907இல் கட்டப்பட்டபோது அது ரயில் நிலையம். தண்டவாளம் ஒரு அடி கூடக் கிடையாது! பயணச்சீட்டை அங்கே வாங்கி, படகில் பிறை பக்கம் வந்து ரயில் ஏறுவார்கள். பட்டர்வொர்த் நிலையம் 1967இல்தான் வந்தது, அதுவரை பிறைதான் ரயில் முனை. கெடா, பேராக் தோட்டங்களுக்குப் பிரிந்து போன நம் ஆட்களில் எத்தனை பேர் அந்த வழியில் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சுங்கைப்பட்டாணியில் காடியை விட்டுவிட்டுக் கொமுட்டர் ரயில் எடுங்கள். 60 வயதைத் தாண்டிய மலேசியர்களுக்கு அரைக் கட்டணம், அம்மாவின் மைகாட்டை (அடையாள அட்டையை) கையில் வைத்திருங்கள்.

சூரியகாந்தி (சுங்கைப்பட்டாணி)

ஐயா எழுதியது அருமை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கி ஃபெரிக்குப் போகும் நடைபாலம் கூரை போட்டதுதான், மின்தூக்கியும் இருக்கிறது, ஆனாலும் தூரம் கொஞ்சம் கூடுதல். முட்டி வலிக்காரருக்குக் கஷ்டம். என் மாமியாரைக் கூட்டிப் போனபோது நடுவில் இரண்டு தடவை நின்று நின்று போனோம். மடக்குகிற சக்கர நாற்காலி இருந்தால் கொண்டு போங்கள். அம்மா வேண்டாம் என்பார். பரவாயில்லை, பையை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள், களைத்தால் அவரே உட்காருவார்.

பால்பட்டை (கூலிம்)

ரஜூலாவில் வந்திருப்பார் உங்கள் தாத்தா. எல்லாரும் அதில்தான் வந்தார்கள்.

பழைய துறைமுகத்தான் (பட்டர்வொர்த்)

எல்லாரும் அதில் வரவில்லை, தம்பி. ரஜூலா 1926இல் கட்டிய கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. வேறு கப்பல்களும் ஓடின. ரஜூலா ரொம்ப காலம் ஓடியதால் அந்தப் பெயர்தான் எல்லார் வாயிலும் நின்றுவிட்டது. அப்புறம் சிதம்பரம் கப்பல் வந்தது, 1985இல் தீப்பிடித்ததோடு அதுவும் முடிந்தது. 1937 என்றால் ரஜூலாவாக இருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். அம்மாவிடம் உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வருடமே, 1938இல், தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. உங்கள் தாத்தா அந்தக் கடைசி அலையில் வந்தவர்.

கருங்காலி (நிபோங் திபால்)

நான் இங்கே எழுதுவது குறைவு, படிப்பதோடு சரி. இந்த இழையில் யாராவது ஜெரெஜாக் பற்றிச் சொல்வார்கள் என்று பார்த்தேன், யாரும் சொல்லவில்லை.

புலாவ் ஜெரெஜாக் பினாங்குத் தீவின் கிழக்குக் கரையை ஒட்டிய சின்னத் தீவு. காடு மூடிய மேடு மாதிரி இருக்கும். முதல் பாலத்தில் போகிறவர்கள் தெற்குப் பக்கம் பார்த்தால் தெரியும். தினமும் ஆயிரக்கணக்கான நம் ஆட்கள் வேலைக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறார்கள். அது என்ன இடம் என்று கேட்டால் பலருக்கும் பழைய ஜெயில் என்று மட்டும் தெரியும். 1969இலிருந்து 1993 வரை ஜெயிலாக இருந்தது உண்மைதான். அதற்கு வெகு முன்பே அங்கே தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பு இருந்தது. கப்பலில் வந்தவர்களைத் தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க நாள் கணக்கில் தங்க வைத்த முகாமும் அங்கேதான் இருந்தது. தோட்டத்துக்கு ஆளாக வந்தவர்களில் பினாங்கில் இறங்கியவர்கள் அந்த முகாம் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

என் அப்பாயி அதைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்வார். கட்டியிருந்த துணியை வாங்கி ஆவியில் போட்டு எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்களாம். மஞ்சள் சேலை நிறம் போய் வெளுத்துவிட்டது என்று எண்பது வயதிலும் வருத்தப்படுவார். கல்யாணச் சேலை அது.

அதனால் அக்கா, உங்கள் தாத்தாவின் கால் இந்த நாட்டில் முதலில் பட்ட மண் பெரும்பாலும் ஜெரெஜாக்காகத்தான் இருக்கும். ஜார்ஜ்டவுன் கரை அதற்குப் பிறகு. ஒரே நாளில் அங்கே போக முடியாது. ஆனால் திரும்பி வரும்போது பாலத்தில் வந்தால் தூரத்திலிருந்தாவது காட்டலாம்.

லயத்துக்கிளி (பீடோங்)

கருங்காலி அண்ணே, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அப்பா 'தீவுல வச்சிருந்தாங்க'ன்னு சொல்லுவாரு, நான் பினாங்கத்தான் சொல்றாருன்னு நெனச்சேன்" என்றார். இத்தனை வருடம் எங்கள் வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. ரொம்ப நன்றி.

பிள்ளைகளுக்கும் ஏதாவது வேண்டுமே. கொடிமலையை விட்டுவிடலாமா?

வெண்கட்டி (சுங்கைப்பட்டாணி)

தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். மூன்று முறை பிள்ளைகளைப் பினாங்குக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். பட்டதைச் சொல்கிறேன்.

பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையில் கொடிமலை வேண்டவே வேண்டாம். ரயில் ஏறுவது சில நிமிடம், ஆனால் கீழே வரிசையிலும் மேலே இறங்குகிற வரிசையிலும் அரை நாள் போய்விடும். ஒரு முறை ஒரு சுற்றுலா முகவர் "சீட்டு ஏற்கெனவே எடுத்தாயிற்று" என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டார். போய்ப் பார்த்தால் எதுவும் எடுக்கவில்லை. 38 பிள்ளைகளோடு வெயிலில் நின்றேன், ஒரு சின்னப் பெண் மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து யார் வார்த்தையையும் நம்பி நான் கிளம்புவதில்லை, சீட்டை என் கண்ணால் பார்க்க வேண்டும். கொடிமலை பார்க்க வேண்டிய இடம்தான். 1923இலிருந்து அங்கே ரயில் ஓடுகிறது. முன்பெல்லாம் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டி மாற வேண்டும், மேலே போக அரை மணி நேரம் ஆகும். 2011இல் வந்த புது ரயில் ஒரே மூச்சில் ஏறிவிடுகிறது. மேலே முருகன் கோயில் இருக்கிறது, காற்று குளுகுளு என்று இருக்கும். அதற்கு ஒரு வார நாள் ஒதுக்குங்கள், காலை முதல் ரயிலுக்கே போங்கள்.

அதற்குப் பதில் பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்டுங்கள். ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் 1786 ஜூலை 17இல் வந்து இறங்கிய முனையில்தான் கார்ன்வாலிஸ் கோட்டை இருக்கிறது. முதலில் நிபோங் மரத்தை நட்டு வேலி மாதிரி கட்டினார்கள், செங்கல் கோட்டை பிறகு வந்தது. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளை அந்த வேலையில் போட்டிருந்தார்கள். இதை நான் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்வேன். கடலைப் பார்த்து நிற்கிற ஸ்ரீ ரம்பாய் பீரங்கி 1603இல் வார்த்தது. டச்சுக்காரர்களிடமிருந்து ஜொகூர், அச்சே, சிலாங்கூர் என்று கை மாறி மாறி இங்கே வந்து சேர்ந்தது. ஏழு வயதுப் பையனுக்கு அது போதும், அந்த இடத்தை விட்டு வர மாட்டான்.

பக்கத்திலேயே மணிக்கூண்டு. விக்டோரியா ராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காகக் கட்டியது, உயரம் 60 அடி, ஆண்டுக்கு ஓர் அடி. போர்க் காலத்தில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் லேசாகச் சாய்ந்திருக்கிறது. சாய்ந்திருக்கிறதா இல்லையா என்று எந்தப் பக்கம் நின்றால் தெரியும் என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு பாடாங் கோத்தா கடற்கரைச் சுவர் ஓரமாக அம்மாவை உட்கார வையுங்கள். நிழல் இருக்கும், கப்பல் போவது தெரியும். நான் அங்கேதான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பேன்.

கம்பத்துக்காரன் (குரூண்)

டீச்சர் சொல்வது சரிதான். நாங்கள் போனது வார நாள், அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். அக்கா, என் திட்டத்தை மறந்துவிடுங்கள்.

சூலியாத் தெரு (ஜார்ஜ்டவுன்)

ஊர்க்காரன் என்ற உரிமையில் சில வார்த்தை. ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. அதற்குப் பிறகு வருகிறவர்கள் ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓவியத்தைப் படம் எடுத்துவிட்டு, பால் கோப்பி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஓவியம் 2012இல் வந்தது. அதற்கு இருநூறு வருடத்துக்கு முந்திய தமிழ் ஊர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நம் ஆட்களே அதைப் பார்க்காமல் போகிறார்கள்.

குயின் தெருவில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், 1833. பினாங்கின் பழைய கோயில் அதுதான். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் படகுக்காரர்களும் கும்பிட்ட அம்மன். உங்கள் அம்மா தண்ணிமலைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறார், அங்கே 513 படி வேறு. இந்த முறை மாரியம்மனிடம் கூட்டிப் போங்கள், வாசலில் படி ஏற வேண்டியதில்லை. அங்கிருந்து சில நிமிட நடையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. பக்கத்தில் சூலியாத் தெருவில் நாகூர் தர்கா. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவரின் மகள் அந்தத் தர்காவை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கடல் தாண்டிப் போகிறவர்கள் நாகூர் ஆண்டவரை வேண்டிக்கொண்டுதான் கப்பல் ஏறுவார்கள். மதம் பார்த்ததில்லை. கரை சேர்ந்த இடத்திலும் அவருக்கு ஓர் இடம் கட்டிவிட்டார்கள்.

பள்ளிவாசல் இருக்கிற சாலையிலேயே சீனர்களின் குவான் யின் கோயிலும் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் இருக்கின்றன. ஐந்தையும் ஒரு மணி நேரத்தில் மெதுவாகப் பார்த்துவிடலாம். வெயில் தாங்கவில்லை என்றால் கேட் (CAT) என்று எழுதிய பேருந்து வரும், காசு வாங்க மாட்டார்கள், ஃபெரி முனையத்திலிருந்தே ஏறலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு வாழை இலைச் சாப்பாடு மார்க்கெட் தெரு, பினாங்குத் தெரு முழுக்க இருக்கிறது. இறைச்சி சாப்பிடுகிறவர்கள் நாசி கண்டார். காவடி மாதிரி தோளில் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் கறி என்று தூக்கிப் போய்த் துறைமுகத்து ஆட்களுக்கு விற்ற சாப்பாடு அது. அந்தக் கம்புக்குத்தான் கண்டார் என்று பெயர். எந்தக் கடை நல்லது என்று கேட்காதீர்கள், அதற்குத் தனி இழை வேண்டும்.

பால்பட்டை (கூலிம்)

வெல்டு கீ பக்கம் சீனர்களின் மர வீடுகள் தண்ணீர் மேல் இருக்குமே, சியூ ஜெட்டி, அதையும் சேர்க்கலாம். ஃபெரியில் இறங்கினால் நடக்கிற தூரம்.

சூலியாத் தெரு (ஜார்ஜ்டவுன்)

சேர்க்கலாம். பலகை நடைபாதை, அம்மாவுக்குக் கால் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், வாசலில் எட்டிப் பார்த்துப் படம் எடுக்கக் கூடாது. நம் லயத்து வாசலில் வெளியூர்க்காரன் வந்து படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

மெர்போக் ஆற்றோரம் (செமிலிங்)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பினாங்குக்குப் போங்கள், நல்லது. ஆனால் பீடோங்கில் இருந்துகொண்டு துறைமுகம் பார்க்கக் கடல் தாண்டுகிறீர்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. லைட் வருவதற்குப் பல நூறு வருடத்துக்கு முன்பே நம் மெர்போக் ஆற்றில் கப்பல் வந்து நின்றது. கடாரம் என்று தமிழ்க் கல்வெட்டு சொல்வது இந்தப் பகுதியைத்தான். ராஜேந்திர சோழனின் கடற்படை 1025இல் இங்கே வந்தது. மாலுமிகளுக்குத் தூரத்திலிருந்தே வழி காட்டியது நீங்கள் தினமும் பார்க்கிற அதே ஜெராய் மலை, 1,217 மீட்டர்.

பீடோங்கிலிருந்து மெர்போக் சாலையில் வந்தால் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய இடமும் பழைய படகுத் துறையின் செங்கல் தளங்களும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனால் லெம்பா பூஜாங் அருங்காட்சியகம். அங்கே புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளம் ஓடைக்குப் பக்கத்தில் அது கட்டப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. 2013இல் இதே பள்ளத்தாக்கில் ஒரு சண்டியை (பழங்காலக் கோயிலின் எச்சத்தை) மேம்பாட்டு வேலைக்காக இடித்துத் தள்ளிவிட்டார்கள். அதன் பிறகுதான் பலருக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரிந்தது. நாம் போய்ப் பார்க்காத இடத்தை யாரும் நமக்காகக் காப்பாற்ற மாட்டார்கள். பினாங்கு முடிந்ததும் ஒரு ஞாயிறு காலை இங்கே வாருங்கள், நான் கூடவே வந்து காட்டுகிறேன்.

சூரியகாந்தி (சுங்கைப்பட்டாணி)

பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயமும் இருக்கிறது, மறந்துவிட வேண்டாம். ஜூலை 26 திருவிழாவுக்கு மதம் பார்க்காமல் எல்லாரும் போவார்கள். அம்மா வயதுக்காரர்கள் அங்கே அமைதியாக உட்கார்ந்து வரலாம்.

லயத்துக்கிளி (பீடோங்)

போய் வந்துவிட்டோம். போன சனிக்கிழமை. உங்கள் எல்லாருக்கும் விவரம் எழுதுவது என் கடமை.

காலை ரயிலுக்குச் சுங்கைப்பட்டாணி போனோம். சூரியகாந்தி சொன்னபடி சக்கர நாற்காலி இரவல் வாங்கி எடுத்துப் போனோம், பட்டர்வொர்த் நடைபாலத்தில் பாதி தூரத்திலேயே அம்மா உட்கார்ந்துவிட்டார். ஃபெரியில் ஜன்னல் பக்கம் நிற்க வைத்தோம். துறைமுகத்தான் ஐயா சொன்ன ஒவ்வொன்றையும் மகள் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள், அதைப் பார்த்துப் பாட்டிக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா எதையும் திருப்பிக் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்த கையை மட்டும் கரை வரும்வரை எடுக்கவில்லை.

அந்தத் தண்டவாளம் இல்லாத ரயில் நிலையத்தின் முன்னால் நின்று படம் எடுத்தோம். அங்கிருந்து கேட் பேருந்து. கோட்டையில் பீரங்கியிடம் மகனை விட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், டீச்சர் சொன்னது அப்படியே நடந்தது. மணிக்கூண்டு சாய்ந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது அம்மா. "சாஞ்ச மரத்த பாத்துப் பாத்து வெட்டுனவளுக்கு இது தெரியாதா" என்றார்.

மாரியம்மன் கோயிலுக்கு உச்சிப் பூசைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். பிறகு தர்கா. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று கும்பிட்டார். உள்ளே இருந்த பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். பீடோங் என்றேன். "அது இப்ப. முந்தி எந்த ஊரு?" என்றார். அம்மா, "நாகப்பட்டினம் பக்கம், அப்பா பேரு சொன்ன ஊரு எனக்கு மறந்துபோச்சு" என்றார். அவர் கொஞ்சம் சர்க்கரை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். அந்த ஊர்ப் பெயரை நான் முன்பே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். இனி யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அப்பா அம்மா இருக்கிறவர்கள் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.

சியூ ஜெட்டி, கெக் லோக் சி, கொம்தார் எதுவும் பார்க்கவில்லை. பார்க்கவில்லையே என்று யாரும் குறைப்படவும் இல்லை.

திரும்பும்போது வீட்டுக்காரரின் நண்பர் காடியில் பாலம் வழியாகச் சுங்கைப்பட்டாணி வரை கொண்டு வந்து விட்டார். ஜெரெஜாக்குக்காகத்தான். பாலத்தில் நிறுத்த முடியாது, மெதுவாகத்தான் ஓட்டினார். அம்மா கண்ணாடியை இறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். நெருங்கும்போது மழை தூற ஆரம்பித்துவிட்டது, தீவு பச்சையாக ஒரு கோடு மாதிரி தெரிந்தது. இரண்டு நிமிடம் கூட இருக்காது.

இப்போது அம்மா தினமும் ஒன்றைத்தான் கேட்கிறார். அந்தத் தீவுக்குப் படகு எங்கே ஏறுவது, வயசானவர்களை ஏற்றுவார்களா?

கருங்காலி (நிபோங் திபால்)

பாயான் லெப்பாஸ் பக்கம் கரையில் படகுத் துறை இருக்கிறது, அக்கா. நான் இந்த வாரம் நேரில் போய்ப் படகில் ஏற எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கும் போக வேண்டுமாம். நாள் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.